கட்டட உறுப்புக்களும் அவற்றின் குறிகளும்

காஞ்சிமாநகரத்திலே, பரமேச்சுர விண்ணகரம் என்று ஆழ்வாராற் பாடப்பெற்ற வைகுந்தப் பெருமாள் கோயிலின் உட்சுற்று மாளிகையில், பல்லவ அரசர் வரலாறு வரிவரியாகச் சிற்பங்களில் வடிக்கப்பட்டிருத்தலை நம்மவருட் பலர் கண்டிருப்பர். இரண்டாம் நந்திவர்மப் பல்லவமல்லன் எட்டாம் நூற்றாண்டில் எடுப்பித்தது அக்கோயில். அச்சிற்பங்களுட் சிலவற்றின் அருகே, இஃது இன்ன நிகழ்ச்சி என்று தெரிவிக்கும் சிறு குறிப்புக்கள் கல்லிலேயே வெட்டப்பட்டுள்ளன. அரசுக்கு உரியார் இல்லாதொழிந்த காலத்தில் நகரத்தார் இரணியவர்மனிடஞ் சென்று அரசனை வேண்டிப் பெற்ற செய்தி, அக்குறிப்புக்கள் இருத்தலினாலேயே நமக்கு ஐயமற விளங்குகின்றது. டாக்டர் சி. மீனாட்சி அம்மையார் இச்சிற்பங்களை ஆராய்ந்தெழுதிய நூல், அவர் மறைந்த பின்னர் 1941-இல் தொல்பொருளியல் துறையின் வெளியீடாக வந்தது. குறிப்புள்ள சில சிற்பங்களைக் கைவிளக்காகக் கொண்டே குறிப்பில்லாத பலவற்றினிடையே நடக்க வேண்டியிருக்கின்றது என்பதை அந்நூலைப் பயில்வோர் உணர்வர்.

பல்லவர் காலத்துச் சிற்பி கல்லின்மேற் செய்த இவ்வேலையை இக்காலத்துக் கட்டடத் திட்டமிடுவோர் கணினியிற் செய்கின்றனர். ஒவ்வொரு கட்டட உறுப்பின்மீதும், அஃது இன்னது, இன்ன இடத்தது, இன்ன வேலைக்கு உரியது என்று நாமே வகுத்த குறிகளை இடுதலே அது. அதன் இயல்பை நம் ஊர்க் கோயில்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒருவாறு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கட்டட மாதிரி என்பது யாதெனப் பார்ப்போம். பழைய முறையில் வரையப்பட்ட படத்தில் இரண்டு இணைகோடுகளைக் கண்டு, இது சுவர் என்று அறிந்துகொள்பவன் மனிதன்; காகிதத்துக்கு அது தெரியாது. இக்காலத்து மென்பொருள்களாகிய ரெவிட், ஆர்க்கிகாட், டெக்லா முதலியவற்றிலோ கட்டடம் கோடுகளாக வரையப்படுவதன்று. உறுப்பு உறுப்பாக எழுப்பப்படுவது. சுவர் ஒன்றை வைத்தால், அது சுவர் என்பதும், அதன் நீளம், உயரம், கனம் இத்தனை என்பதும், அதில் எத்தனை சன்னல்கள் உள்ளன என்பதும் அம்மாதிரியிலேயே அடங்கிக் கிடக்கும். ஆதலால் தூண்கள் எத்தனை என்று வினவினால் அது எண்ணிச் சொல்லும். செங்கல் வேலை எத்தனைக் கனமீட்டர் என்றால் அளந்து சொல்லும். நாகபுரி மெட்ரோ இருப்புப்பாதையைக் கட்டியவர்கள், இத்தகைய மாதிரியோடு காலத்தையும் செலவையும் பிணைத்து வேலையை நடத்தினார்கள்.

ஒரு மென்பொருளிற் செய்த மாதிரியை வேறொரு மென்பொருள் படித்தறிதற்குப் பொதுவானதொரு மொழி வேண்டுமன்றோ? அம்மொழிக்கு ஐ.எஃப்.சி. என்று பெயர். 2013-இல் அஃது ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. சுவர், தூண், விட்டம், தளம், கதவு, சன்னல், படிக்கட்டு, கூரை என உறுப்புக்களை அது வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கின்றது. உறுப்பு ஒவ்வொன்றுக்கும் 22 எழுத்துக்களாலாய அடையாளம் ஒன்றைக் கணினி தானே தருகின்றது; அதனையன்றி, டேக் என்ற பெயரால், நாம் விரும்பும் எண்ணையோ குறியையோ எழுதிக்கொள்வதற்கென்று ஓர் இடமும் விட்டுவைத்திருக்கின்றது. எந்த வகுப்பிலும் அடங்காத பொருள்களுக்கு வகுப்பில்லாத ஒரு வகுப்பும் உண்டு. பிராக்ஸி என்பது அதன் பெயர். வேறொன்றுக்குப் பதிலாக நிற்பது என்பது பொருள்.

நம் நாட்டுக் கட்டடக் கலைக்கு இடர் நேர்வது இவ்விடத்திலேதான். கோயில் விமானம் ஒன்றை ஸ்தபதியார் காணும் முறையே வேறு. அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி என ஆறு அங்கமாக அவர் அதனைப் பகுப்பர். அதிட்டானத்துள்ளும் உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை எனக் கீழிருந்து மேலாக வரிசை உண்டு. தூணிலோ மாலாஸ்தானம், தாடி, கும்பம், பலகை, போதிகை என்று தலைப்பகுதிக்கு மட்டுமே இத்தனை பெயர்கள். போதிகைக்கு மேலே உத்திரம்; அதற்கும் மேலே எழுதகம், வலபி, கபோதம். கபோதத்தையே நம் ஊர்க் கல்வேலைக்காரர் கொடுங்கை என்பர். தென்புறத்து மூன்றாங் காலின் போதிகை என்று ஒரு சொற்றொடர் கூறினால் அக்கல் எது என்பதில் ஸ்தபதியாருக்கும் அவர் கீழ் வேலை செய்வோருக்கும் மயக்கம் நேராது. இடம், எண், உறுப்பு ஆகிய மூன்றும் அச்சொற்றொடரில் அடங்கியிருக்கின்றன.

இக்குமுதத்துக்கும் போதிகைக்கும் உலகத் தரத்திலே தனி வகுப்பு இல்லை. மாதிரி அமைப்பவர் வேறு கருத்தின்றி அவற்றை உள்ளிடுவாராயின், கோயிலின் பெரும்பகுதி பிராக்ஸி, பிராக்ஸி, பிராக்ஸி என்றே பெயரின்றிக் குவியும். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக வழங்கிவரும் ஒரு கலையின் சொற்கள் யாவும் 'ஏனையவை' என்ற ஒரே பெட்டியில் அடைபடும். கணினி நம்மை அவமதித்தது என்று இதற்காகச் சினப்பதிற் பயனில்லை; தனக்குக் கற்பிக்கப்படாததை அஃது எங்ஙனம் அறியும்? கற்பிக்கும் வழிதான் தனிக்குறிகள்.

இனி, அக்குறிகளை அமைக்குமாற்றைக் கயிலாசநாதர் கோயிலை வைத்துப் பார்ப்போம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த அக்கோயிலில், திருச்சுற்றின் நெடுகிலும் சிறு சிறு கோயில்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றை 58 என்று கணக்கிடுவர். அக்கோயிலுக்கு ஒரு மாதிரி அமைத்துப் பழுதுபார்க்கத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். இங்கே வினவக்கூடிய வினாக்கள் எவை என்பதை முதலில் எண்ணல் வேண்டும். குறியை முதலில் எண்ணுதல் பிழை. கீழ்வரிகள் கருங்கல்லாலும் மேலன மணற்கல்லாலும் ஆயின. மணற்கல் மழையிலும் உப்பிலும் அரிக்கப்படுவது. ஆதலால் 'பொருள்' என்று ஒரு குறி வேண்டும். மேலே பிற்காலத்துச் சாந்துப் பூச்சு உள்ள இடமும் இல்லாத இடமும் உண்டு. ஆகவே 'மேற்பூச்சு' என்று ஒன்று. விமானத்துக்கும் தனித்து நின்ற முன் மண்டபத்துக்கும் இடையே பிற்காலத்தார் ஓர் இடைமண்டபம் எழுப்பி இரண்டையும் இணைத்தனர். பல்லவர் கல்லையும் பின்னோர் கல்லையும் ஒன்றாக எண்ணிவிடலாகாது. ஆகவே 'காலம்' என்று ஒன்று. இவற்றோடு 'இடம்', 'உறுப்பு', 'நிலை' என்பனவும் சேர்ந்தால் ஆறு ஆயிற்று. உறுப்பு என்னும் குறியின்கீழ்க் குமுதம், போதிகை, கொடுங்கை என்னும் சொற்கள் தமக்குரிய இருக்கையைப் பெறுகின்றன. வகுப்பு பிராக்ஸி என்றே இருந்தாலும் கெடுதியில்லை, பெயர் நம்முடையதாகிவிட்டது.

இவ்வாறு செய்தபின், வடக்குத் திருச்சுற்றில் மணற்கல்லாலான, மேற்பூச்சு உதிர்ந்த, பல்லவர் காலத்துக் கொடுங்கைகள் எவை என்று கேட்டால், கணினி அவற்றை மட்டும் வேறு நிறத்திற் காட்டும். அவற்றின் மொத்த நீளத்தையும் கூறும். சுண்ணாம்பு எத்தனை மூட்டை, சாரம் எத்தனை நாளைக்கு என்பவை அதிலிருந்து கணக்கிடற்பாலன. குறி இல்லையேல் இவ்வொரு வினாவுக்கு விடை காண, ஒருவர் குறிப்பேடுங் கையுமாகப் பல நாள் திருச்சுற்றை வலம்வர நேரும். வலம்வருதல் புண்ணியமே, ஆயினும் ஒப்பந்தக்காரர் அதற்குக் காத்திருப்பதில்லை.

ஒரு நுணுக்கத்தை ஈண்டுக் கூறாமல் விடலாகாது. ரெவிட் முதலியவற்றிற் புதிதாகப் பழகும் மாணவர், படத்தின்மேல் வட்டத்துக்குள் தோன்றும் எழுத்தையே குறி என்று எண்ணிவிடுகின்றனர். அது குறியின் நிழல் மட்டுமே. உண்மையான செய்தி உறுப்பினுள்ளே, பாராமீட்டர் எனப்படும் பண்பிலே கிடக்கின்றது. படத்திலுள்ள வட்டம் அதனை எடுத்துக் காட்டும் சன்னல். படத்தின்மீது வெறும் எழுத்தாகத் தட்டிவைத்தால், பார்வைக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். ஆனால் தேடினாற் கிடைக்காது, எண்ணினாற் சேராது, வேறு மென்பொருளுக்கு அனுப்பினால் உடன் செல்லாது. ஐ.எஃப்.சி. வழியே அனுப்பும்போது நம் தனிக்குறிகளை ஒரு பண்புத்தொகுதியாகக் கட்டி அனுப்புதல் முறை. பி-செட் என்று தொடங்கும் பெயர்கள் உலகத் தரத்துக்கே உரியன. நம் தொகுதிக்கு வேறு பெயர் சூட்டிக்கொள்ளல் வேண்டும்.

அடையாளமும் வருணனையும் வெவ்வேறு என்பது அடுத்தபடி அறியத்தக்கது. இதனை நன்கு உணர்ந்தவர் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ். தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதற்றொகுதி 1890-இல் வெளிவந்தபோது, கயிலாசநாதர் கோயிற் சுற்றிலுள்ள சிறு கோயில்களில் வெட்டப்பட்ட இராசசிம்மனுடைய பட்டப்பெயர்களை, ஒவ்வொரு மாடத்துக்கும் வரிசையெண் கொடுத்துப் பதிப்பித்தார். அவ்வெண் அம்மாடத்தைப் பற்றி ஒன்றும் புகழ்ந்துரைப்பதில்லை. அதன் சிற்பம் எது, நிலை யாது என்று கூறுவதுமில்லை. அதுவே அதன் சிறப்பு. நூற்றாண்டு கழிந்து கருத்துக்கள் மாறினாலும் எண் மாறவேண்டுவதில்லை. இதற்கு மாறாக, பொருளையும் நிலையையும் எண்ணுக்குள்ளேயே புகுத்தி, 'வ-மணல்-பழுது-12' என்று அடையாளம் இடுவாரும் உளர். பழுது தீர்ந்த மறுநாள் அவ்வடையாளம் பொய்யாகும்; திருத்தினாலோ பழைய கணக்கிலுள்ள கல்லும் புதிய கணக்கிலுள்ள கல்லும் ஒன்றென்று காட்டுதற்குச் சான்றில்லாமற் போகும். மனிதனுக்குப் பெயர் ஒன்று, உடல்நலம் வேறொன்று. காய்ச்சற்காரன் என்பதை ஒருவனுக்குப் பெயராக எழுதிவைப்பார் உண்டோ?

குறியற்ற கற்கள் என்னாகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கற்களே சான்று. மதுரையில் மதனகோபாலசுவாமி கோயிலின் பழைய மண்டபம் ஒன்றைச் சேர்ந்த தூண்களும் சிற்பக் கற்களும், பிரிக்கப்பட்டுக் கோயில் வளாகத்திற் கிடந்தன. 1912-இல் அவ்வழி வந்த அடலைன் பெப்பர் கிப்சன் என்னும் அமெரிக்க மாது அவற்றை விலைக்கு வாங்கித் தம் ஊராகிய பிலடெல்பியாவுக்கு அனுப்பினார். 1919-இல் அவர் இறந்தபின் குடும்பத்தார் அவற்றை அந்நகரக் கலைக்காட்சிச்சாலைக்கு வழங்கினர். கற்கள் கடல் கடந்து பத்திரமாகச் சேர்ந்தன. அவற்றின் வரிசை சேரவில்லை. எத்தூண் எங்கே நின்றது, எச்சிற்பம் எத்திசை நோக்கியது என்பதைத் தீர்மானிக்க வடமொழிப் பேராசிரியர் நார்மன் பிரௌன் தமிழ்நாட்டுக் கோயில்களோடு ஒப்பிட்டு ஆராய வேண்டியிருந்தது. அவர் நூல் 1940-இல் வெளிவந்தது. அத்துடன் ஆராய்ச்சி முடிந்ததா எனின், இல்லை. 2022-இலும் அம்மண்டபத்தைப் பற்றி அக்காட்சிச்சாலை வேறொரு பெருநூலை வெளியிட்டது. பிரித்த நாளில் ஒருவர் சுண்ணக்கட்டியோ மையோ கொண்டு ஒவ்வொரு கல்லிலும் எண்ணிட்டு, ஒரு தாளிற் படம் எழுதிவைத்திருந்தால் இத்தனை ஆராய்ச்சியில் ஒரு பகுதி தேவைப்பட்டிராது.

அவ்வாறு எண்ணிட்டவர்கள் பெற்ற பயனும் உலகறிந்தது. எகிப்து நாட்டு அபு சிம்பெல் கோயில்களை 1964 முதல் 1968 வரையிற் பெருங்கற்களாக அறுத்து, எண்ணிட்டு, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் முன்போலவே அடுக்கினர். நம் நாட்டிலும் ஸ்ரீசைலம் அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த கூடவெல்லிச் சங்கமேசுவரர் கோயில் பிரித்தெடுக்கப்பட்டு ஆலம்பூரில் மீண்டும் எழுந்து நிற்கின்றது.

நிற்க. குறியிடும் வேலையிற் கெடுதல் பெரும்பாலும் நுழைவது எழுத்துக்கூட்டின் வழியே. ஒருவர் 'கருங்கல்' என்று எழுதுவார்; அடுத்தவர் 'கருங் கல்' என்று இடைவெளி விடுவார்; மூன்றாமவர் 'கிரானைட்' என்பார். மூவர் கருதியதும் ஒன்றே. கணினிக்கோ அவை மூன்று பொருள்கள். மொத்தம் கேட்டால் மூன்றில் ஒரு பங்கே வரும். அதனை நம்பிக் கல் வாங்கினவர் பாதி வேலையில் நிற்பார். ஆகவே ஒவ்வொரு குறிக்கும் ஏற்கத்தக்க சொற்கள் இவை இவை என்று முன்னரே ஒரு பட்டியல் எழுதி, அதிலிருந்தே தேர்ந்துகொள்ளுமாறு செய்தல் வேண்டும். அகராதி எழுதுவோருக்குள்ள கண்டிப்பு இங்கும் வேண்டற்பாலது. எண்ணில் இரட்டை நேர்ந்தால் ரெவிட் எச்சரிக்கை தருகின்றது. அவ்வெச்சரிக்கையை மூடிவிட்டு மேலே செல்லும் பழக்கம் மாணவரிடத்தில் மிகுதி. வெறுமையாக விடப்பட்ட குறிக்கு அத்தகைய எச்சரிக்கையும் எழாமையால், 'தெரியவில்லை' என்பதையும் பட்டியலில் ஒரு சொல்லாகச் சேர்த்துக்கொள்ளல் நன்று. பார்த்தும் அறியக்கூடாதது எது, பாராமலே விடப்பட்டது எது என்பது அதனால் வேறுபட்டு விளங்கும்.

எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லும்போது வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபம் நினைவுக்கு வருகின்றது. கற்சங்கிலிக்குப் பேர்போன அம்மண்டபத்தின் தூண்களை எண்ணினவர்கள் 96 என்றே கூறுவர். ஊர் வழங்கும் பெயர் நூறு. கணக்கு அதனிற் குறைவு. மாதிரியில் இரண்டுக்கும் இடம் உண்டு: மண்டபத்தின் பெயராக நூற்றுக்கால் மண்டபம் என்பது நிற்கும், தூண் எத்தனை என்னும் வினாவுக்கு 96 என்பது விடையாகும். நான்கு தூண் காணாமற்போயின என்று எவரும் முறையிடவேண்டுவதில்லை.

இனி, வேலையைக் காலத்தோடு பிணைக்கும் முறை. கோயிற் றிருப்பணியில் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை நடத்தலாகாது. பாலாலயம் செய்தபின்னரே கருவறைப்பக்கம் கைவைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையிற் சுண்ணச் சாந்துப் பூச்சு வேலை நடவாது. விழாக் காலத்தில் சுவாமி புறப்படும் வழியிற் சாரம் நிற்கலாகாது. ஆகவே 'வேலைப்பகுதி' என்று ஏழாவது குறி ஒன்றை ஒவ்வோர் உறுப்பிலும் இட்டு, வேலைக்கால அட்டவணையிலும் அதே குறியை எழுதினால், நேவிஸ்வொர்க்ஸ், சிங்க்ரோ முதலிய மென்பொருள்கள் இரண்டையும் தாமே பொருத்தி, இன்ன மாதத்தில் இன்ன பகுதி எழும்பியிருக்கும் என்று படமாகக் காட்டும். தேதி மாறினால் அட்டவணையை மட்டும் மாற்றினாற் போதும். மாதிரியிலுள்ள ஆயிரம் கல்லையும் ஒவ்வொன்றாகத் தொடவேண்டுவதில்லை.

இவ்வேழாங் குறி புதியதன்று. நெகேமியாவின் ஆகமத்து மூன்றாம் அதிகாரத்தை நம் கல்லூரி மாணவர் படிக்கும்போது, பெயர்ப்பட்டியல் என்று சலிப்படைந்து தாண்டிச் செல்வதுண்டு. எருசலேம் அலங்கத்தைத் திரும்பக் கட்டியபோது ஆட்டுவாசல் முதலாக ஒவ்வொரு வாசலும், இரண்டு வாசல்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு மதிற்பகுதியும் இன்னாருடைய பொறுப்பு என்று அங்கே வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றது. ஆசாரியரும் தட்டாரும் தைலக்காரரும் தத்தம் பகுதியைக் கட்டினர். இடம், எல்லை, பொறுப்பு என்னும் மூன்று குறிகளால் ஒரு நகர மதிலையே வேலைப்பகுதிகளாக வகுத்த திட்டம் அது என்று நோக்கினால் சலிப்புத் தோன்றாது.

நம் ஊரிலேயே வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. பிள்ளையார்பாளையத்துத் தறிகளின்மேல் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைப் பாருங்கள். கரையிலோ முந்தியிலோ வரும் அன்னத்துக்கும் மயிலுக்கும் இழைக்கு இழை அட்டை உண்டு. அவ்வட்டைகள் எண் வரிசைப்படி கோக்கப்பட்டிருக்கின்றன. ஓர் அட்டை இடம் மாறினால் மயிலின் கழுத்து முறியும். துளையட்டையாற் செய்தியைச் சேமிக்கும் அம்முறையே பின்னர்க் கணக்கிடும் பொறிகளுக்குச் சென்று, 1890-இல் அமெரிக்க மக்கட்டொகைக் கணக்குக்குப் பயன்பட்டு, கணினிக்கும் வழிகாட்டிற்று. ஆகவே காஞ்சியில் வளரும் மாணவன் குறியிட்ட செய்தி என்பதைப் புதிதாகக் கற்கவேண்டியவனல்லன். தறியின்மேல் தொங்குவதை ஏறிட்டுப் பார்த்தாற் போதும்.

குறிகளை மிகுத்துவிடுதலும் தீது. ஆறு ஏழு குறிகளை நிரப்புவதற்கே ஆயிரம் உறுப்புக்களில் ஏழாயிரம் உள்ளீடுகள் வேண்டும். எவரும் கேட்கப்போகாத வினாவுக்காக இருபது குறிகளை அமைத்துவிட்டு, அவற்றுட் பாதியை வெறுமையாக விட்டுவைக்கும் மாதிரியைவிட, நான்கு குறிகளை முற்றும் நிரப்பிய மாதிரி மேலானது. யார் நிரப்புவது என்பதையும் முன்னரே முடிவுசெய்தல் வேண்டும். 'பொருள்' என்பதைக் கல்லைத் தொட்டுப் பார்த்தவர் எழுதவேண்டும், 'உறுப்பு' என்பதை ஸ்தபதியார் சொல்ல வேண்டும், 'வேலைப்பகுதி' பொறியாளருடையது. அலுவலக அறையிற் படத்தை மட்டும் பார்ப்பவர் மூன்றையும் தாமே நிரப்புவாராயின், குறிகள் அழகாக இருக்கும், உண்மை இராது.

எஞ்சியது ஒன்று. ஒவ்வொரு திருப்பணிக்கும் ஒவ்வொருவர் தத்தமக்குத் தோன்றியவாறு சொற்பட்டியல் அமைத்தால், காஞ்சியின் மாதிரியைத் தஞ்சையார் படித்தறிதல் அரிது. ஐ.எஃப்.சி. தரத்தைப் பேணும் பில்டிங்ஸ்மார்ட் என்னும் உலகச் சங்கத்தார், இத்தகைய சொற்பட்டியல்களைப் பலரும் வெளியிட்டுப் பொதுவிற் பயன்படுத்துதற்கென்று இணையத்தில் ஓர் அகராதி நடத்துகின்றனர். அதிற் பல மொழிகளிலும் பெயர் தரலாம். உபானம் முதல் ஸ்தூபி வரையிலுள்ள சொற்களுக்குத் தமிழிற் பெயரும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கமும், அளக்கும் முறையும் எழுதிச் சேர்ப்பது பொறியியல் மாணவர் நால்வரும் தமிழ் மாணவர் ஒருவரும் ஒரு ஸ்தபதியாரை அண்டி ஒரு விடுமுறைக்குள் முடிக்கக்கூடிய வேலை. அதிட்டானத்திலிருந்து தொடங்கலாம், கீழே நின்றபடியே தொட்டு அளக்கத்தக்க உறுப்புக்கள் அங்கேதான் இருக்கின்றன.